ஜனவரி 26-இல் குடியுரிமை விழா: போவதா, தள்ளிப்போடுவதா?

கேள்வி: ஆஸ்திரேலியக் குடியுரிமை கிடைத்துவிட்டது. உறுதிமொழி விழாவுக்கு ஆஸ்திரேலிய தினமான ஜனவரி 26 அன்று வரச் சொல்கிறார்கள். என்னோடு வேலை பார்க்கும் பழங்குடித் தோழி, "எங்களுக்கு அது துக்க நாள்" என்கிறார். வேறு தேதி கேட்டால் சிக்கல் வருமா?

பதில்: வராது. அழைப்பில் உள்ள முகவரிக்கு எழுதிக் கேளுங்கள், அடுத்து நடக்கும் விழா ஒன்றில் சேர்த்துக்கொள்வார்கள். 2022 டிசம்பரிலிருந்து ஜனவரி 26-க்கு முன்போ பின்போ மூன்று நாளுக்குள் விழா நடத்தவும் உள்ளூர் கவுன்சில்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் உங்களுக்கு இன்னும் குடியுரிமை கிடைக்கவில்லை, ஒப்புதல்தான் வந்திருக்கிறது. உறுதிமொழி எடுத்தால்தான் குடியுரிமை. 12 மாதத்துக்குள் எடுக்காவிட்டால் ஒப்புதலையே ரத்து செய்ய இடமிருக்கிறது. எனவே ரொம்பத் தள்ளிப்போடாதீர்கள்.

தோழி சொல்வது உணர்ச்சிவசப்பட்ட பேச்சல்ல. 1788 ஜனவரி 26 அன்று குடியேற்றக் கப்பல்களோடு வந்த ஆர்தர் பிலிப் சிட்னியில் பிரிட்டிஷ் கொடி ஏற்றிய இடம் காடிகல் பழங்குடி மக்களின் நிலம். ஒப்பந்தம் எதுவும் போடவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்றே சட்டம் பாவித்தது. உயர் நீதிமன்றம் அதை நிராகரிக்க 1992-இன் மாபோ நில உரிமைத் தீர்ப்பு வரை ஆனது. 1938-இல் 150-ஆம் ஆண்டுக் கொண்டாட்டத்துக்கு, கப்பல் வந்திறங்கிய காட்சியை நடித்துக் காட்டத் தொலைவிலிருந்து பழங்குடி ஆண்களைக் கூட்டிவந்தார்கள். அதே நாளில் சிட்னியில் பழங்குடித் தலைவர்கள் கூடித் துக்க நாள் அனுசரித்தார்கள். தோழி சொல்லும் பெயருக்கு அவ்வளவு வயது. நாடு முழுக்க அதே தேதியில் பொது விடுமுறை விடுவதோ 1994-இலிருந்துதான்!

குடியுரிமைக்கும் அந்தத் தேதிக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவின் முதல் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1949 ஜனவரி 26-இல்.

என்னைக் கேட்டால், மனம் உறுத்தினால் தேதி மாற்றுங்கள். வேலை, பயணம் என்று அவசரம் இருந்தால் அன்றே போய்விடுங்கள், அது துரோகமாகாது. உறுதிமொழியில் மன்னரும் இல்லை, பிலிப்பும் இல்லை. ஆஸ்திரேலியாவுக்கும் அதன் மக்களுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்கிறீர்கள். அந்த மக்களில் தோழியும் சேர்த்திதானே. கடவுள் பெயரைச் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

அப்புறம், வாக்காளர் பதிவை மறந்துவிடாதீர்கள். இங்கே வாக்களிப்பது கட்டாயம். பழங்குடியினர் சார்பில் நாடாளுமன்றத்துக்குக் கருத்துச் சொல்லும் அமைப்பு வேண்டுமா என்று 2023 அக்டோபரில் நடந்த பொதுவாக்கெடுப்பு தோற்றது. அடுத்து இப்படி ஒன்று வந்தால் நீங்களும் வாக்களித்தாக வேண்டும்.