மாட்டுவதற்கு முன்னால் எடை போடுங்கள்

(வாசகர் கேள்வி – பதில்: இந்த இதழில் முழுக்க ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள்)

மூன்று மாதம் முன்பு மாருதி ஜிம்னி மேனுவல் வாங்கினேன். வீட்டில் நான், மனைவி, 11 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள். வால்பாறை, மேகமலை என்று பழகிக்கொண்டு அடுத்த ஜூன் கடைசியில் இமாச்சலத்தின் ஸ்பிட்டி போகத் திட்டம். இங்கே ஒரு கடையில் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்: 2 இஞ்ச் லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங்), 235/75 ஆர்15 டயர், இரும்பு பம்பர், அதில் வின்ச் (கம்பியைச் சுருட்டி வண்டியை இழுக்கும் மோட்டார்), ஸ்நார்கெல் (இன்ஜினுக்கு மேலிருந்து காற்று எடுக்கும் குழாய்), கூரைக் கேரியர், ரூஃப் டென்ட் (கூரை மேல் விரிக்கும் கூடாரம்). எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்தால் விலை குறைப்பதாகச் சொல்கிறார்கள். எதில் தொடங்கலாம்?
– ஒரு வாசகர், திருப்பூர்

வே பிரிட்ஜில் தொடங்குங்கள். லாரி எடை போடும் மேடைதான். டேங்க் நிரப்பி, குடும்பத்தோடு ஏறி, ஒருமுறை வண்டியை நிறுத்தி எடை பாருங்கள். முடிந்தால் முன் சக்கரம் மட்டும், பின் சக்கரம் மட்டும் என்று தனித்தனியாகவும் பாருங்கள். நூறு, இருநூறு ரூபாயில் முடிகிற வேலை. கடைக்காரர் யாரும் இதைச் சொல்ல மாட்டார், ஏனென்றால் அந்தச் சீட்டைப் பார்த்த பிறகு பட்டியலில் பாதியை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

கணக்கு இதுதான். ஐந்து கதவு ஜிம்னி மேனுவலின் வெற்று எடை 1,195 கிலோ, சுமையோடு இருக்கலாம் என்று கம்பெனி சொல்லும் மொத்த எடை 1,545 கிலோ. இடையில் இருப்பது 350 கிலோ. நீங்கள் நால்வரும் சுமாராக 195 கிலோ என்று வைத்துக்கொள்வோம், மீதி 155. ரூஃப் டென்ட் 50 முதல் 60 கிலோ, அதைத் தாங்கும் கேரியர் 20 கிலோ, இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்து 60 கிலோவுக்குக் குறையாது. ஆக 130, 140 போய்விட்டது. இன்னும் தண்ணீர், துணி, அடுப்பு, அரிசி, மருந்துப் பெட்டி எதையும் ஏற்றவில்லை. தண்ணீர் மட்டும் 20 லிட்டர் என்றால் 20 கிலோ. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே வண்டி வரம்பைத் தாண்டியிருக்கும், பிரேக்கும் ஸ்பிரிங்கும் பேரிங்கும் அந்த மிகைச் சுமையை மூவாயிரம் கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

கூரையில் ஏறும் எடை இன்னும் மோசம். மூன்று கதவு ஜிம்னிக்குப் பல நாடுகளில் கூரை வரம்பு 30 கிலோ என்றுதான் கையேட்டில் போட்டிருக்கிறது. உங்கள் கையேட்டைத் திறந்து உங்கள் வண்டிக்கு என்ன எண் என்று பாருங்கள். நின்றுகொண்டிருக்கும்போது கூரை அதிகம் தாங்கும், அதனால்தான் டென்டுக்குள் ஆள் படுக்க முடிகிறது. ஓடும்போது குழியில் இறங்கும் ஒவ்வொரு அடியும் அந்த எடையைப் பெருக்குகிறது. நான் பல வருடம் முன்பு என் பழைய வண்டியில் கூரை மேல் 80 கிலோ கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் சரிந்த ஒரு எஸ்டேட் பாதையில் போனேன். மேல் பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்புவது ஸ்டீயரிங்கில் தெரிந்தது, பின்னால் என் அம்மா உட்கார்ந்திருந்தார். மெல்லப் பின்வாங்கி இறக்கி நிறுத்தி, மூட்டையை எல்லாம் கீழே போட்டுவிட்டுத்தான் கடந்தோம். அன்றிலிருந்து கூரை மேல் படுக்கை, காலி கேன் தவிர நான் எதையும் வைப்பதில்லை. நால்வர் படுக்கும் தரை டென்ட் 6, 8 கிலோவில் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும், நடு ராத்திரி ஏணியில் இறங்கி ஒன்றுக்குப் போக வேண்டியதில்லை.

அடுத்து டயர். முதல் பெரிய செலவு இதுவாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் கடைக்காரர் சொன்ன அளவில் வேண்டாம். கம்பெனி டயர் 195/80 ஆர்15, விட்டம் 693 மில்லிமீட்டர். 235/75 என்றால் 733. நாற்பது மில்லிமீட்டர் கூடினாலும் வண்டி உயர்வது அதில் பாதி, 20 மில்லிமீட்டர்தான். அதற்குப் பதிலாக ஒவ்வொரு கியரும் 6 சதவீதம் நீண்டு போகிறது, மீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டுகிறது, திருப்பும்போது டயர் உள்ளே உரச வாய்ப்பிருக்கிறது. உங்கள் இன்ஜின் டர்போ இல்லாத 1.5 லிட்டர், 134 நியூட்டன் மீட்டர். ஸ்பிட்டி வழியில் உள்ள குன்ஸும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் காற்று மெலிந்து இப்படிப்பட்ட இன்ஜின் தன் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும். மீதிச் சக்தியில் அதிக எடையையும் பெரிய டயரையும் முதல் கியரில் ஏற்ற வேண்டும் என்றால் கிளட்ச்தான் கருகும். கம்பெனி அளவிலேயே ஏ.டி. (ஆல் டெரெய்ன், எல்லாப் பாதைக்கும் பொதுவான) ரக டயர் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். நான்கு வாங்காதீர்கள், ஐந்து வாங்குங்கள், ஸ்டெப்னியும் அதே ரகமாக இருக்க வேண்டும். எம்.டி. என்னும் சேற்று டயர் உங்களுக்குத் தேவையில்லை. திருப்பூரிலிருந்து மணாலி வரை தார் ரோடுதான், மழையில் அந்த டயர் வழுக்கும், இரைச்சலில் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள்.

லிஃப்ட் கிட் இப்போதைக்கு வேண்டாம். ஜிம்னியில் முன்னும் பின்னும் திட ஆக்ஸில், 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி. வால்பாறைக்கும் மேகமலைக்கும் ஸ்பிட்டிக்கும் அது போதும். ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தினால் ஸ்டீயரிங்கை நேராக நிற்க வைக்கும் முன் ஆக்ஸிலின் சாய்வு, அதாவது காஸ்டர் கோணம், குறைந்து ஸ்டீயரிங் தடுமாறும், ஆக்ஸில் ஒரு பக்கமாக நகரும். அதைச் சரிசெய்யத் தனிப் பாகங்கள், தனிச் செலவு. ஒரு வருடம் ஓட்டியபின் பின்பக்கம் எப்போதும் சுமை தங்கி வண்டி உட்காருகிறது என்றால் அப்போது அந்தச் சுமைக்கு ஏற்ற ஸ்பிரிங்கைக் கேளுங்கள், உயரத்துக்காகக் கேட்காதீர்கள்.

ஸ்நார்கெலுக்கும் இதே பதில். தண்ணீர் இன்ஜினின் காற்றுக் குழாய்க்குள் போனால் கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜின் போய்விடும், அந்த பயம் நியாயமானது. ஆனால் போனட் வரை தண்ணீர் வருகிற ஓடையில் குடும்பத்தோடு நீங்கள் இறங்கவே கூடாது, அந்த ஆழத்தில் ஓட்டம் வண்டியையே தூக்கிக்கொண்டு போகும். ஸ்பிட்டிப் பாதையில் பனி உருகி வரும் நாலாக்கள் (ஓடைகள்) மதியத்துக்கு மேல்தான் பெருகும், அதிகாலையில் முழங்கால் அளவுகூட இருக்காது. விடிந்ததும் கிளம்புங்கள், அந்த ஒரு பழக்கம் ஸ்நார்கெலை விட உதவும். செய்ய வேண்டியது ஒன்று உண்டு: டிஃபரென்ஷியல் (ஆக்ஸில் நடுவில் உள்ள கியர்ப் பெட்டி) காற்று விடும் பிரீத்தர் குழாயைக் கேட்டுப் பாருங்கள், அதன் வாய் எங்கே முடிகிறது என்று. சூடான ஆக்ஸில் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். குழாயை மேலே கொண்டு போவது சில நூறு ரூபாய் வேலை. ஊர் திரும்பியதும் கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்ற வேண்டும்.

இரும்பு பம்பருக்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. பம்பருக்கு முன்னால் மாட்டும் கிராஷ் கார்டு, புல் பார் வகைகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. அபராதத்தைக் கட்டிவிடலாம், ஆனால் முன்பக்கம் இடிக்கும்போது நசுங்க வேண்டிய இடம் நசுங்காமல் ஏர்பேக் சென்சாருக்குச் சரியான நேரத்தில் தகவல் போகாவிட்டால் யாரிடம் கேட்பது? எந்த மாற்றம் செய்தாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

சரி, வாங்க வேண்டியவை: ஐந்து ஏ.டி. டயர், நல்ல 12 வோல்ட் கம்ப்ரசர், காற்று அளக்கும் கேஜ், பஞ்சர் கிட், மடக்கு மண்வெட்டி, டிராக்ஷன் போர்டு (புதைந்த சக்கரத்துக்கு அடியில் வைக்கும் பலகை) ஒரு ஜோடி, இழுவைக் கயிறு. எல்லாம் சேர்ந்து டயர் தவிர 25 கிலோவுக்குள் அடங்கும். கம்ப்ரசர் வயரை நேராக பேட்டரியில் மாட்டுங்கள், சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் அந்த மின்னோட்டத்தைத் தாங்காது. மீதிப் பணத்தில் பெட்ரோல் போட்டு ஊர் சுற்றுங்கள்.

மகிந்திரா தார் டீசல் ஃபோர் வீல் டிரைவ் வைத்திருக்கிறேன். ராமநாதபுரம் பக்கம் மணலில் இறக்கியபோது இரண்டு முறை புதைந்துவிட்டது. சக்தி இருந்தும் ஏன்?
– ஒரு வாசகர், மதுரை

டயரில் காற்று அதிகம், அவ்வளவுதான் காரணம். ரோட்டுக்கு வைக்கும் சுமார் 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) இருந்தால் டயர் மணலைக் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு இறங்கும். 16, 18 வரை குறைத்தால் டயர் நீளமாகப் படுத்துக்கொள்ளும், எடை பரவும், வண்டி மேலே மிதந்த மாதிரி போகும். அந்தக் காற்றில் வேகமும் வேண்டாம், சட்டென்று ஸ்டீயரிங் ஒடிப்பதும் வேண்டாம், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். எனக்கு ஒருமுறை அப்படி ஆகி, ஜாக்கி மணலில் முங்கி, அடியில் வைக்கப் பலகை இல்லாமல் ஒரு மாலை முழுக்கப் போனது. ஓர் அடிச் சதுரத்தில் ஒரு கனமான பலகை எப்போதும் வண்டியில் இருக்கட்டும். புதைகிறது என்று தெரிந்ததும் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுங்கள், சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கீழே தோண்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலை வாரி, இன்னும் 2, 3 பி.எஸ்.ஐ. குறைத்து, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். தார் ரோட்டுக்கு ஏறியதும் முதல் வேலை காற்று நிரப்புவது.

இதை ஏதாவது தனியார் டிராக்கில் பழகுங்கள், கடற்கரையில் வேண்டாம். ஜனவரியிலிருந்து நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. சக்கரம் மணலை இறுக்கி முட்டைக்குழியை நசுக்குகிறது, தடத்தின் பள்ளத்தில் விழுந்த குஞ்சு ஏற முடியாமல் விடிந்ததும் காக்கைக்கு இரையாகிறது. வனத்துறையும் தன்னார்வலர்களும் இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காப்பாற்றுகிற கரையில் நாம் டயர் ஓட்டுவது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

சிக்கிய வண்டியை இழுக்கச் சங்கிலி நல்லதா, பெல்ட் நல்லதா?
– ஒரு வாசகி, ஓசூர்

சங்கிலி வேண்டவே வேண்டாம். அறுந்தால் ஆளைக் கொல்லும். சேற்றில் சிக்கிய வண்டிக்கு நைலான் கைனெட்டிக் கயிறு வாங்குங்கள், அது ரப்பர் மாதிரி நீண்டு, சேமித்த விசையால் மெல்லப் பிடுங்கி எடுக்கும். நீளாத பாலியெஸ்டர் பெல்ட் ரோட்டில் டோ செய்ய மட்டும். மாட்டும் இடம் சேஸியோடு சேர்ந்த இழுவைக் கொக்கியாக இருக்க வேண்டும், டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் மாட்டவே கூடாது, அது பிய்ந்து குண்டு மாதிரி பறக்கும். கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் வளையமான ஷேக்கிள் இரும்பு என்றால் 4.75 டன் என்று அடித்திருக்கும் 19 மில்லிமீட்டர் வகை, இல்லையென்றால் கயிற்றாலான சாஃப்ட் ஷேக்கிள், அது இன்னும் நல்லது. கயிற்றின் நடுவில் ஒரு கனமான போர்வையோ ஈரச் சாக்கோ போடுங்கள். வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் இழுக்காதீர்கள்.

மழையில் தார் ரோட்டில் 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு ஓட்டலாமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

மகிந்திரா தாரிலும் ஜிம்னியிலும், முன், பின் ஆக்ஸில்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரென்ஷியல் கிடையாது. பிடிமானமுள்ள ரோட்டில் 4எச் போட்டுத் திரும்பினால் முன், பின் ஆக்ஸில்கள் ஒன்றையொன்று முறுக்கும். மழை நேரத்துக்கு 2எச் (இரண்டு சக்கரம் மட்டும்), நிதான வேகம், நல்ல டயர். மண் வந்ததும் 4எச் போடுங்கள், தார் ரோடு வந்ததும் எடுங்கள்.

வண்டியில் ஃபிரிட்ஜ் வைக்க இரண்டாவது பேட்டரி போட வேண்டும் என்கிறார்கள். வாரண்டி போகுமா?
– ஒரு வாசகர், தாம்பரம்

கம்பெனி வயரை வெட்டினால் எலெக்ட்ரிக்கல் பாகத்துக்கு வாரண்டி மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். என் வண்டியில் ஒரு கடையில் ஹெட்லைட் வயரைக் கீறி, ஃபியூஸ் போடாமல் லைட் பார் இணைத்துக் கொடுத்தார்கள், ஒரு மாதத்தில் உறை உருகிப் புகை வந்தது. இரண்டு நாள் முகாமுக்கு நல்ல ஐஸ் பெட்டியே போதும். 40 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 30, 40 ஆம்பியர் மணி இழுக்கும், அதற்கு 100 ஆம்பியர் மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று, எடை 12 கிலோ அளவில். பழைய லெட் ஆசிட் என்றால் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். டி.சி.–டி.சி. சார்ஜர் (வண்டி மின்சாரத்தில் இரண்டாவது பேட்டரியை நிரப்பும் கருவி) வழியாக, பேட்டரி முனையிலேயே ஃபியூஸ் வைத்து, தனி வயர் இழுக்கச் சொல்லுங்கள். கழற்றி எடுக்கும் பவர் ஸ்டேஷன் (சாக்கெட்டோடு வரும் பேட்டரிப் பெட்டி) வாங்கினால் இந்த வேலையே இல்லை, விலைதான் கூட.

நீலகிரிக் காட்டில் டென்ட் போட எங்கே நல்ல இடம்?
– ஒரு வாசகர், ஈரோடு

காட்டுக்குள் எங்கேயும் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம், ரிசர்வ் காட்டிலும் வனத்துறை அனுமதி வேண்டும். யானை நடக்கும் பாதையில் வெளிச்சமும் சமையல் வாசனையும் வைத்தால் ஆபத்து உங்களுக்கும், அதன் பிறகு அந்த யானைக்கும். அனுமதி பெற்ற எஸ்டேட் முகாம்கள், வனத்துறையின் ஓய்வு விடுதிகள் இருக்கின்றன, அங்கே கேளுங்கள். 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும், கிளம்பும் முன் எடுத்துவிடுங்கள். முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூர் பக்கம் தொடர்வதென்றால் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பந்திப்பூர்ச் சாலை மூடியிருக்கும், அதற்குத் தகுந்த மாதிரி கிளம்புங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை இருக்கிறது, வீட்டிலிருந்தே எவர்சில்வர் கேனில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.