5 பேர் எதற்குப் போதும்? பயனர் ஆய்வு: கேள்வி-பதில்

கே: எஸ்.யூ.எஸ். (பயன்படுத்த எளிதா என்று 10 வாக்கியங்களால் கேட்டு 0 முதல் 100 வரை மதிப்பிடும் கேள்வித்தாள்) மதிப்பெண் 70. பயனர்களில் 70 சதவீதம் பேருக்குத் திருப்தி என்று எழுதலாமா?

ப: கூடாது. அது சதவீதமே இல்லை. பொதுச் சராசரி 68-ஐ ஒட்டியது, உங்களுடையது நடுத்தரம். இரட்டைப்படை எண்ணுள்ள, எதிர்மறையான வாக்கியங்களுக்குக் கிடைத்த மதிப்பை 5-லிருந்து கழித்தீர்களா என்றும் பாருங்கள்.

கே: பழைய வடிவமைப்பில் 5-க்கு 3 பேர், புதியதில் 5-க்கு 4 பேர் பணியை முடித்தார்கள். புதியதே மேல் எனலாமா? 5 பேர் போதும் என்று படித்தோம்.

ப: எதற்குப் போதும் என்று படித்தீர்கள்? பயன்பாட்டு ஆய்வாளர்கள் நீல்சனும் லாண்டவரும் 1993-இல் போட்ட கணக்கு வடிவமைப்பில் கோளாறு தேடுவதற்கு, ஒப்பிடுவதற்கு அல்ல. ஒரு கோளாறு ஒருவரிடம் வெளிப்படும் வாய்ப்பு சுமார் 31 சதவீதம் என்று கொண்டால்தான் 5 பேரிடம் 85 சதவீதம் சிக்கும். பத்தில் ஒருவர் மட்டும் இடறுகிற கோளாறு என்றால் 5 பேரிடம் சிக்க வாய்ப்பு சுமார் 41 சதவீதம்தான். அந்த 31-ஐ மறந்துவிட்டு 5-ஐ மட்டும் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள்!

5-க்கு 4 என்பதற்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (எல்லாப் பயனர்களிலும் உண்மையான வெற்றி விகிதம் இருக்கக்கூடிய எல்லை) போட்டால் ஏறக்குறைய 35 முதல் 98 வரை நீள்கிறது. 5-க்கு 3 என்பதற்கு 23 முதல் 88 வரை. இதில் மேலென்ன, கீழென்ன? கோளாறு தேடுவதென்றால் 5 பேரிடம் சோதித்து, திருத்தி, வேறு 5 பேரிடம் மறுபடி சோதியுங்கள். ஒப்பிடுவதென்றால் எவ்வளவு வித்தியாசம் உங்களுக்கு முக்கியம் என்று முதலில் தீர்மானித்து, அதை வைத்து ஆள் கணக்குப் போடுங்கள். அதே ஆட்களிடம் இரண்டையும் கொடுத்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுத்திருந்தால், பாதிப் பேருக்கு வரிசையை மாற்றியிருக்க வேண்டும். 5 பேரை எப்படிப் பாதியாக்கினீர்களோ!

கே: மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, நேரத்தையும் அளந்தோம்.

ப: பேச்சே நேரத்தை மாற்றிவிடும். அளக்கும்போது பேசவிடாதீர்கள், பிறகு திரைப்பதிவைப் போட்டுக் காட்டிக் கேளுங்கள். ஒரே ஒருவர் இழுத்தடித்தாலும் சராசரி ஏறிவிடும் என்பதால் பெருக்கல் சராசரியை (எல்லா நேரங்களையும் பெருக்கி, எத்தனை பேரோ அத்தனையாவது மூலம் எடுப்பது) கொடுங்கள்.

கே: '"முன்பதிவு" பொத்தான் வழியாக இடம் பதிவு செய்க' என்பது எங்கள் பணி. 24 பேரும் முடித்துவிட்டார்கள்.

ப: முடிக்காமல் என்ன செய்வார்கள்? விடையைத்தான் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்களே. 'வெள்ளிக்கிழமை இருவருக்கு இடம் வேண்டும்' என்று தேவையை மட்டும் சொல்லுங்கள். 2 பேரிடம் முன்னோட்டம் நடத்தியிருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும்.

கே: 4 வடிவமைப்புகள், லத்தீன் சதுரம் (ஒவ்வொரு வடிவமைப்பும் ஒவ்வொரு இடத்திலும் சம தடவை வரும்படி 4 வரிசைகள்), 10 பேர். சரியா?

ப: 10-ஐ 4 வகுக்காது. 12 பேர்.

கே: முன்னோட்டத்துக்கு வந்தவர்களின் தரவையும் சேர்க்கலாமா?

ப: அதன்பின் பணி வாசகத்திலோ திரையிலோ ஒரு சொல் மாறியிருந்தாலும் கூடாது. எதுவும் மாறவில்லை என்றால், முன்னோட்டத்தைக் கவனமாகப் பார்த்தீர்களா என்று என் சந்தேகம்.