டீச்சரைக் கேளுங்கள்: கூடாரப்பண்டிகைக்கு மாடியில் பந்தல் போடலாமா?

கேள்வி: டீச்சர் அம்மா, எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வரும் ஒரு சகோதரர், "ஈஸ்டர் வேதத்தில் இல்லை. லேவியராகமம் 23-இல் உள்ள பண்டிகைகளைத்தான் நாமும் ஆசரிக்கவேண்டும், அது நித்திய கட்டளை" என்கிறார். யூதர்கள் குடில்களில் தங்கி ஆசரிக்கும் கூடாரப்பண்டிகைக்கு மொட்டைமாடியில் பந்தல் போடச் சொல்கிறார். போடாவிட்டால் என்ன ஆகுமோ என்று என் மாமியார் பயப்படுகிறார். என்ன செய்ய? (வாசகி, நாசரேத்)

பதில்: நாசரேத்திலிருந்தே யூதப் பண்டிகை பற்றிக் கேள்வி வந்துவிட்டது! தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் என்றாலும் சந்தோஷம்தான்.

பந்தல் போட்டால் பாவம் இல்லை, போடாவிட்டாலும் பாவம் இல்லை. முதலில் மாமியாரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பண்டிகை நாளைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தக்கூடாது, அவை வருங்காரியங்களுக்கு நிழல் என்று கொலோசெயர் 2:16, 17-இல் பவுல் எழுதுகிறார். அவரே பெந்தெகொஸ்தே நாளுக்குள் எருசலேம் போய்ச் சேர அவசரப்பட்டவர் (அப்போஸ்தலர் 20:16). பண்டிகைமேல் அவருக்குக் கோபம் இல்லை, அதைப் புறஜாதியார் தலையில் சுமத்துவதுதான் அவருக்கு ஆகாது.

"நித்திய கட்டளை" என்கிறவரிடம் உபாகமம் 16:16-ஐ வாசிக்கக் கொடுங்கள். கர்த்தர் தெரிந்துகொள்ளும் ஸ்தானத்துக்கு ஆண்கள் வருஷத்தில் மூன்று தரம், வெறுங்கையாய் வராமல், போகவேண்டும். கி.பி. 70-இல் ரோமர் ஆலயத்தை இடித்துவிட்டார்கள். யூதர்களே அதற்குப்பிறகு பலி இல்லாமல் ஜெபமும் வீட்டுப் பந்தியுமாகத்தான் ஆசரிக்கிறார்கள். மொட்டைமாடியில் எந்த லேவியராகமம் நிறைவேறும் என்று கேளுங்கள். (சண்டை போடாமல் கேளுங்கள்.)

ஈஸ்டரைப் பற்றி அவர் சொல்வதும் பாதிதான் சரி. பரிசுத்த வாரத்தில் ஒரு ராத்திரி மாடிக்குப் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டித்தான் இருக்கும். இயேசு மரித்து உயிர்த்தெழுந்தது பஸ்கா சமயத்தில். அந்தப் பஸ்கா, நிலாவைக் கொண்டு எண்ணும் யூத நாட்காட்டியில் முதல் மாதம் பதினாலாம் தேதி, அதாவது பௌர்ணமியை ஒட்டி வருகிற பண்டிகை. ஈஸ்டர் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறுவதே அந்த நிலாக் கணக்கு இன்னும் அதற்குள் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான்.

சரி, அப்படியானால் இந்தப் பண்டிகைகள் நமக்கு எதற்கு? என் கதையைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் வேதபாட வகுப்பில் யோவான் 7-ஐ வருஷக்கணக்காக நடத்தியிருக்கிறேன். "ஒருவன் தாகமாயிருந்தால்" என்ற இடம் வந்ததும், ஆத்தும தாகம் பிள்ளைகளே என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுவேன். ஓய்வுபெற்றபின் ஓர் அக்டோபரில் எருசலேம் போனோம். சரியாகக் கூடாரப்பண்டிகை வாரம். அடுக்குமாடி வீடுகளின் பால்கனியில்கூட ஓலைக்கூரைக் குடில்கள். ஒவ்வொரு குடிலுக்கும் மேலே வானம் திறந்திருக்க வேண்டுமே, அதற்காகப் பால்கனிகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தார்கள். கடைத்தெருவில் ஒரு தாத்தா, நம்மூர் நார்த்தங்காய் மாதிரி ஒரு பழத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பண்டிகைக்குக் கையில் பிடிக்கிற பழம், அதில் ஒரு மறுகூட இருக்கக்கூடாதாம். ஊறுகாய் போடுகிற கைகள் எனக்கு, சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது மண். மாதக்கணக்காக ஒரு சொட்டு மழை விழாமல் வெளுத்துக் கிடந்தது. அந்தத் தேசத்தில் கோடை முழுக்க மழையே கிடையாது. கூடாரப்பண்டிகை முடிகிறபோதுதான் மழைக்காக ஜெபிக்கத் தொடங்குவார்கள். ஆலயம் இருந்த காலத்தில் பண்டிகை நாட்களில் சீலோவாம் குளத்தில் பொற்குடத்தில் தண்ணீர் மொண்டு, எக்காளம் ஊதி ஏறிவந்து பலிபீடத்தில் ஊற்றுவார்கள் என்று யூத ரபிமாரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. ஜனமெல்லாம் தண்ணீரையே நினைத்துக்கொண்டிருக்கிற அந்தப் பண்டிகையின் கடைசி நாளில்தான் இயேசு எழுந்து நின்று, "ஒருவன் தாகமாயிருந்தால் என்னிடத்தில் வந்து, பானம்பண்ணக்கடவன்" என்று சத்தமிடுகிறார். தேரிக்காட்டுப் பக்கம் இருந்துகொண்டு மழைக்கு வானத்தைப் பார்க்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எனக்குத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று.

ஆகவே பந்தல் போடுவதானால், அதன்கீழே உட்கார்ந்து யோவான் 7-ஐயும் 8-ஐயும் சேர்த்து வாசியுங்கள்.

கேள்வி: பெரிய வியாழன் அன்று யூதர்களின் பஸ்கா பந்தியை அப்படியே சபையில் நடத்த எங்கள் வாலிபர் சங்கம் விரும்புகிறது. சப்பாத்தி மாவில் அப்பம் சுடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: "அப்படியே" என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள். பஸ்கா அப்பம் புளிக்கக்கூடாது; அதற்காக மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிஷத்துக்குள் அப்பம் சுட்டு முடியவேண்டும் என்பது யூதர்கள் கணக்கு. மாவைப் பிசைந்து மூடிவைத்துவிட்டுப் பாட்டுப் பயிற்சிக்குப் போனால் போச்சு! தவிர, இன்று அவர்கள் நடத்தும் பந்தி முறை ஆலயம் இடிந்தபின் உருவானது. இயேசு மேல்வீட்டில் இதே வரிசையில் சாப்பிட்டார் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். இன்னொருவர் வீட்டு ஆராதனையை மேடை நாடகமாக்குவதும் எனக்குப் பிடிப்பதில்லை. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் அதே வியாழன் இரவில் புளிக்காத பெசஹா (பஸ்கா) அப்பம் செய்து, குடும்பத் தலைவர் ஜெபித்துப் பிட்டுக் கொடுப்பார். அது அவர்களுடைய சொந்த வழக்கம், எவ்வளவு அழகு! நீங்கள் யாத்திராகமம் 12-ஐ வாசித்து, சப்பாத்தியைப் பிட்டு, திருவிருந்துக்குப் போங்கள்.

கேள்வி: யோவான் 10:22-இல் வரும் "தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகை" எது? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: ஹனுக்கா. தீட்டுப்படுத்தப்பட்ட ஆலயத்தை யூதப் படைத்தலைவர் யூதா மக்கபேயு கி.மு. 164-இல் சுத்திகரித்ததன் நினைவு. லேவியராகமத்தில் கிடையாது, ஆனாலும் இயேசு அங்கே இருந்தார். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு சகோதரர் இருந்தால் சொல்லிவையுங்கள். டிசம்பர் வாக்கில் வரும், யோவானும் மாரிகாலம் என்றே எழுதுகிறார். இயேசு சாலொமோனுடைய மண்டபத்திலே உலாவினது மழைக்கு ஒதுங்கித்தான் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.