43 பிறந்த ஊர்

அன்புள்ள ஐயா,

நீங்கள் தந்த ஆறு ஊர்ப் புதிர்களில் நான்கை நானே போட்டுவிட்டேன். 'பேன்முட்டையே, தப்பித்துப் போ! மஞ்சளுக்குப் பேர்போன ஊர்' என்பதை ஈர், ஓடு என்று பிரித்து ஈரோட்டைப் பிடித்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன். 'மேயும் பிராணிக்கு ஓர் அரசு இலாகா. 43 பிறந்த ஊர்' மட்டும் மூன்று நாள் படுத்தியது. கடைசியில் மாமனாரிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டே "ஆடுதுறை" என்றார். அடுத்தவரைக் கேட்டுப் போட்ட விடை என் கணக்கில் சேருமா?

இன்னொன்று. 'நான்கும் இருக்கும் வனம். உப்பெடுக்கப் போன இடம்' புதிருக்கு நான் திருமறைக்காடு என்கிறேன், தம்பி வேதாரண்யம் என்கிறான். யார் சரி?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் தப்பு என்னுடையது. எழுத்து எண்ணிக்கை போட மறந்துவிட்டேன். மறை என்றாலும் வேதம் என்றாலும் நான்கு. காடும் ஆரண்யமும் வனம்தான். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துபோய் உப்பெடுத்த ஊருக்கு இரண்டு பெயருமே உண்டு. ஆறெழுத்து என்று போட்டிருந்தால் தம்பி ஜெயித்திருப்பார். போடாததால் இருவருக்கும் மதிப்பெண். 'திரு'வுக்குப் புதிரில் ஆதாரம் எங்கே என்று அவர் கேட்டால் காதில் வாங்காதீர்கள்.

இனி மாமனார் விவகாரம். ஆடு, துறை என்று பிரிப்பது உட்கார்ந்த இடத்திலேயே வந்துவிடும். 43 அப்படி வராது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இல் தொடங்கியது. அங்கே உருவாகும் ரகங்கள் ஊர்ப் பெயரோடு ஓர் எண்ணையும் சேர்த்துச் சுமக்கும்: ஏ.டி.டி. 36, ஏ.டி.டி. 43, ஏ.டி.டி. 45. குறுவைக்கு விதைநெல் வாங்கிப் பழகியவருக்கு 43 ஒரு சன்ன ரக நெல்லின் பெயர். உங்களுக்கும் எனக்கும் அது வெறும் எண். நானே இதை ஒரு விவசாயியின் பேச்சிலிருந்துதான் எடுத்தேன்.

ஆகவே கேட்டது தப்பில்லை. எப்படிக் கேட்டீர்கள்? "இதற்கு விடை என்ன?" என்று தாளை நீட்டியிருந்தால் அது முழுக்க அவர் போட்டது. "43 என்றால் உங்களுக்கு என்ன மாமா ஞாபகம் வருது?" என்று கேட்டிருந்தால் மிச்ச வேலை உங்களுடையதாகியிருக்கும். பாதி மதிப்பெண்ணாவது தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

நண்பர் ஒருவர் எனக்குப் போட்ட புதிர்: 'கொட்டுவது கடைசியில் குறுகினால் ஒரு மாவட்டம்'. தேள், குளவி, மழை, முரசு என்று கொட்டுகிற எல்லாவற்றையும் வெட்டிப் பார்த்து இரண்டு நாள் வீணானது. பக்கத்து வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண் எட்டிப் பார்த்து, "குறுகினா குறிலா மாமா?" என்றாள். அவள் விடை சொல்லவில்லை, ஒரு சொல்தான் சொன்னாள். தேனீயின் நெடில் குறிலாகி, தேனி கையில் வந்து விழுந்தது. இலக்கணத்தை மறந்துபோனவன் புதிர் போட உட்காரக் கூடாது என்று மனைவி சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

வீட்டில் சண்டை தீர இன்னொன்று தருகிறேன்: 'மேகத்தைப் பருகு, ஆயிரம் ஜன்னலும் ஒரே வீட்டில் (5)'. இந்த முறை எண்ணிக்கை போட்டிருக்கிறேன்.