கஷ்டம் வளர்த்த சாம்பியனா?

கேள்வி: ஆஸ்திரேலிய அலைச்சறுக்கு வீராங்கனை லேன் பீச்லி பற்றிப் படித்தேன். தத்துப் பிள்ளை, ஆறு வயதில் அம்மாவை இழந்தவர், ஒரே சமயத்தில் நாலு வேலை பார்த்துக்கொண்டு போட்டிகளுக்குப் போனவர், ஏழு முறை உலக சாம்பியன். கஷ்டம்தான் சாம்பியனை உருவாக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? என் மகன் நீச்சல் பயிற்சிக்குக் காரில் போய் வருகிறான். இனிமேல் பஸ்ஸில் போகச் சொல்லலாம் என்றிருக்கிறேன். சரிதானே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள், சாட்சி என்ன சொல்கிறார் என்று கேட்காமலே தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள்.

பீச்லி 2008-ல் ஓய்வு பெற்றவர். அதற்கப்புறம் பல மேடைகளில் சொல்லிவருகிறார்: முதல் ஆறு பட்டங்களையும் பயத்தில் ஜெயித்தேன், ஏழாவதைத்தான் பிரியத்தோடு ஜெயித்தேன் என்று. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? சிட்னியில் மேன்லி கடற்கரைப் பக்கம் வளர்ந்த பெண். எட்டு வயதில் அப்பா உட்காரவைத்து, நீ தத்தெடுத்த பிள்ளை என்று சொல்கிறார். வளர்த்த அம்மா போய் இரண்டு வருஷம்தான் ஆகியிருக்கும். ஏதாவது ஒன்றில் உலகத்திலேயே முதல் ஆளாக வந்தால்தான் எல்லோருக்கும் நம்மைப் பிடிக்கும் என்று அந்தக் குழந்தை முடிவு கட்டிக்கொள்கிறது. எட்டு வயதுப் பிள்ளை எடுக்கிற முடிவா இது? நீங்கள் உரம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது ஆறாத புண்ணாகத்தான் தெரிகிறது.

நாலு வேலைக்கு வருவோம். பதினாறு வயதில் தொழில்முறைப் போட்டிக்கு வந்தவர் முதல் உலகப் பட்டம் வாங்கியது 1998-ல், 26 வயதில். இடைப்பட்ட வருஷங்களில் வாரத்துக்கு அறுபது மணி நேரம் வரை வேலை, மிச்ச நேரத்தில் கடல். அது வைராக்கியத்துக்காக அவர் தேடிப்போன விரதம் என்று நினைத்துவிடாதீர்கள். பெண்களுக்கு அன்று பரிசுப்பணமும் குறைவு, விளம்பரதாரர்களும் குறைவு, அவ்வளவுதான். சர்ஃபிங், அதாவது அலைச்சறுக்குப் போட்டிக்குப் பல நாட்களை ஒதுக்கிவைத்து, தினமும் காலையில் கடலைப் பார்த்துவிட்டு இன்றைக்கு யாரை இறக்குவது என்று அமைப்பாளர்கள் முடிவு செய்வார்கள். அலை அழகாக எழும்பும்போது ஆண்கள். காற்று மாறி அலை சிதறிப்போனதும் பெண்களைக் கூப்பிடு. அப்புறம், பெண்கள் ஆட்டத்தில் விறுவிறுப்பே இல்லையே என்று கரையில் நின்று குறை வேறு. இந்த ஓட்டத்தில் தீராத உடல் அயர்ச்சி நோய் இரண்டு தடவை அவரைப் படுக்கையில் தள்ளியது, கூடவே மனச்சோர்வு. கஷ்டம் பட்டத்தைத் தரவில்லை சார், பட்டத்தைத் தள்ளிப்போட்டது என்றுதான் நான் கணக்குப் போடுவேன்.

ஆனாலும் ஆறு ஜெயித்தாரே என்பீர்கள். ஜெயித்தார்! 1998 முதல் 2003 வரை வரிசையாக ஆறு, ஆண்கள் சர்ஃபிங்கின் பெரிய நட்சத்திரமான கெல்லி ஸ்லேட்டருக்கே தொடர்ச்சியாக ஐந்துதான். பயம் வேலை செய்யாது என்று நான் சொல்லவரவில்லை, நன்றாகவே வேலை செய்யும். வாடகை கொஞ்சம் அதிகம். 2004-ல் பட்டம் பெரு நாட்டின் சோஃபியா முலனோவிச்சுக்குப் போனது, அடுத்த வருஷமும் கிடைக்கவில்லை. 2006-ல் திரும்பி வந்து வாங்கியதுதான் அவர் பிரியத்தோடு வாங்கியதாகச் சொல்லும் ஏழாவது.

உங்கள் வாதப்படி, கஷ்டப்பட்டு மேலே வந்தவர் அடுத்த தலைமுறையும் அதே மாதிரி கஷ்டப்படட்டும் என்றுதானே நினைத்திருக்க வேண்டும்? பீச்லி என்ன செய்தார்? 2003-ல், இன்னும் போட்டியில் இருக்கும்போதே, கனவுள்ள பெண்களுக்குப் பண உதவி செய்ய ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 2006-ல் தன் பெயரிலேயே மேன்லியில் பெண்களுக்கான போட்டி நடத்தினார், அன்றைக்குப் பெண்கள் சர்ஃபிங்கில் அதைவிடப் பெரிய பரிசுத்தொகை வேறெங்கும் இல்லை. பின்னால் ஆஸ்திரேலிய சர்ஃபிங் அமைப்பின் தலைவராகவும் இருந்தார். நாலு வேலை பார்த்தவருக்குத் தெரியும், அதில் மூன்று வேலை தண்டம் என்று. உலகப் பட்டத்தைத் தீர்மானிக்கும் உலகச் சுற்றுப் போட்டிகளில் ஆண், பெண் இருவருக்கும் ஒரே பரிசுத்தொகை என்பது 2019-ல்தான் வந்தது. அவர் ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷம் கழித்து.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது, உங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஸ்டெஃபனி கில்மோர். அவரும் ஆஸ்திரேலியாதான், அப்பாவும் அலைச்சறுக்கு ஆள், எப்போதும் சிரித்த முகம் என்பதால் 'ஹாப்பி கில்மோர்' என்றே பட்டப்பெயர். உலகச் சுற்றுக்குள் நுழைந்த முதல் வருஷமான 2007-லேயே சாம்பியன். 2018-ல் பீச்லியின் ஏழு பட்டங்களைத் தொட்டார், 2022-ல் எட்டாவதையும் வாங்கிவிட்டார். எந்தச் சோகக் கதையை இவருக்கு ஒட்டவைப்பது?

பஸ் விஷயம்: தாராளமாகப் போகட்டும், பெட்ரோல் மிச்சம். ஆனால் காரில் வரும்போது பையன் உங்களிடம் பேசிக்கொண்டு வருவானா, மாட்டானா? அதைக் கேள்வியில் நீங்கள் எழுதவில்லை.