மரப்பலகையில ஸ்லாட் கார் டிராக்: காசை எதுல போடணும்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணா வணக்கம், நாங்க இங்கிலாந்துல ரீடிங்ல இருக்கோம். பையனுக்குன்னு வாங்கின ஸ்கேலெக்ஸ்ட்ரிக் செட்டை (டிராக்ல இருக்கற பள்ளத்துல மாட்டி கரண்ட்ல ஓடற பொம்மை ரேஸ் கார், ஸ்லாட் கார்னு சொல்வாங்க) இப்ப நானும் அவனும் சேர்ந்துதான் ஓட்டறோம். லாஃப்ட்ல (கூரைக்கு அடியில இருக்கற அறை) 4 மீட்டர் நீளம் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு இடம் இருக்கு, அதுல இங்கிலாந்துல இருக்கற குட்வுட் ரேஸ் சர்க்யூட் மாதிரி மரத்துல ரெண்டு லேன் டிராக் செஞ்சு, சுத்தி புல்லு, வேலி, ஜனங்க எல்லாம் வைக்கணும்னு ரெண்டு பேருக்கும் ஆசை. 600 பவுண்டு ஒதுக்கி வச்சிருக்கேன். பிளாஸ்டிக் டிராக்கே இன்னும் கொஞ்சம் வாங்கவா, மரத்துக்கு போகவா? முதல்ல எதை வாங்கணும்?

பதில்: மரத்துக்கே போங்க தம்பி. பிளாஸ்டிக் டிராக்ல ஒவ்வொரு துண்டு சேர்ற இடத்துலயும் கரண்ட் கொஞ்சம் கொஞ்சமா குறையும், வளைவும் கம்பெனி கொடுக்கற அளவுல மட்டும்தான் கிடைக்கும், குட்வுட்ல இருக்கற மாதிரி நீளமா மெதுவா திரும்பற வளைவு அதுல வரவே வராது. ஆனா ஒண்ணு, கடைக்குப் போனதும் கண்ணுக்கு அழகா இருக்கற மரம், ஆள் பொம்மை, புல்லு பாக்கெட்டுனு ஆரம்பிச்சிடாதீங்க, நிறைய பேரோட பட்ஜெட் அங்கதான் கரையுது. பலகை, அதுல வெட்டற பள்ளம், அதுக்குப் போற கரண்ட், இந்த மூணுக்கும் காசைப் போடுங்க, சீனரி மொத்தமும் கையால செய்யலாம், கையால செஞ்சாதான் அது உங்க டிராக்.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. குட்வுட் நிஜத்துல 3.8 கிலோமீட்டர். உங்க கார் 1:32 அளவு, அதாவது நிஜ காருல 32ல ஒரு பங்கு, அப்ப டிராக்கையும் அதே அளவுல சுருக்கினா கிட்டத்தட்ட 119 மீட்டர் வரும், உங்க தெருவே பத்தாது. அதனால முழு சர்க்யூட்டை கொண்டு வரணும்னு நினைக்காம, எதைப் பார்த்தா குட்வுட்னு தெரியுமோ அதை மட்டும் எடுங்க. இரண்டாம் உலகப்போர் சமயத்துல அது வெஸ்ட்ஹாம்ப்நெட் விமானப்படைத் தளம், அந்தத் தளத்தைச் சுத்தி இருந்த ரோடுதான் 1948ல ரேஸ் டிராக் ஆச்சு, 1966ல ரேஸ் நின்னு போய் 1998ல ரிவைவல்ங்கற பழைய கார் ரேஸ் விழா மூலமா திரும்ப வந்துச்சு. அதனால இடம் பூரா சமதரை, திறந்தவெளி, பெரிய மேடு பள்ளம் கட்டற வேலையே இல்ல. மேட்ஜ்விக் வளைவு, லவன்ட் ஸ்ட்ரெயிட், கார்களை நிறுத்தி கவனிக்கற பிட் பக்கத்துல இருக்கற சிக்கேன் (வேகத்தைக் குறைக்க வைக்கற நெளிவு), இந்த மூணு இருந்தா தெரிஞ்சவங்க பார்த்தவுடனே சொல்லிடுவாங்க.

இன்னொரு விஷயம், லாஃப்ட்ல கூரை சரிஞ்சு வர்றதால ஒரு பக்கம் நின்னுதான் எட்டணும்னு நினைக்கறேன், ஒன்றரை மீட்டர் தாண்டி விழுந்த காரை எடுக்க கை எட்டாது. அகலத்தை ஒரு மீட்டருக்குள்ள வச்சுக்கோங்க, இல்லன்னா நடுவுல ஆள் நிக்கற மாதிரி ஓட்டை விடுங்க.

பலகைக்கு எம்.டி.எஃப் (மரநாரை பசை சேர்த்து அழுத்தின பலகை) போதும், 12 மி.மீ தடிமன். முழு ஷீட் 2440க்கு 1220 மி.மீ வரும், 12 மி.மீலயே 25 கிலோவுக்கு மேல கனம், அது உங்க லாஃப்ட்டுக்கு ஏறற வாசல் வழியா போகுமான்னு டேப் வச்சு அளந்துட்டு ஆர்டர் பண்ணுங்க, வீட்டு வாசல்ல இறக்கின அப்புறம் மேல ஏறலன்னா ரொம்ப கஷ்டம். வீட்டு வேலை சாமான் விக்கற பெரிய டிஐஒய் கடைகள்ல கேட்ட அளவுக்கு வெட்டிக் கொடுப்பாங்க, ஆனா உங்க அளவுக்கு வெட்டின பலகையை மனசு மாறிடுச்சுன்னு திருப்பிக் கொடுக்க முடியாது, அதனால பேப்பர்ல ஒருக்கா முழு சைஸ்ல வரைஞ்சு தரையில விரிச்சுப் பார்த்துட்டு போங்க. லாஃப்ட்னா கோடையில சூடு, குளிர்காலத்துல ஈரம், எம்.டி.எஃப் ஓரத்துல ஈரம் ஏறினா உப்பிடும், அதனால அடிப்பக்கம், ஓரம், வெட்டின பள்ளத்தோட உள்பக்கம் எல்லாத்துக்கும் ஈரம் புகாம தடுக்கற சீலர் அடிச்சே ஆகணும். பலகையை வெட்டற தூசு நுரையீரலுக்கு நல்லதில்ல, மாஸ்க் போடுங்க, பையன் பக்கத்துல வேணாம், முடிஞ்சா கராஜ்லயோ வெளியிலயோ வெட்டுங்க.

பள்ளம் வெட்ட ரூட்டர்ங்கற மரம் குடையற மெஷின் வேணும். வாழ்நாள்ல ஒரு டிராக்தான் கட்டப் போறீங்கன்னா புதுசு வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க, இல்ல தெரிஞ்சவங்க கிட்ட கேளுங்க. ஆனா அதுல மாட்டற வெட்டு முனை, பிட், அது மட்டும் நல்லதா சொந்தமா வாங்குங்க, 3 மி.மீ நேர் பிட், கார்பைடு முனை, ஒண்ணுக்கு ரெண்டா, ஏன்னா அந்த மெல்லிசு பிட் அவசரப்பட்டா உடையும், எம்.டி.எஃப் அதை சீக்கிரம் மழுங்கவும் வைக்கும். ஆழம் 8 மி.மீ, அதை ஒரே தடவையில இறக்காம 4, 4ன்னு ரெண்டு தடவையா போங்க. வளையற பிளாஸ்டிக் பட்டி ஒண்ணை ஆணி அடிச்சு பலகையில வளைச்சு வச்சு அதை ஒட்டியே ரூட்டரை ஓட்டினா வளைவு வழுக்கிக்கிட்டு வரும், கையை மட்டும் நம்பி ஓட்டினா ஒரு நெளிசல் கண்டிப்பா விழும், அந்த இடத்துல கார் ஒவ்வொரு ரவுண்டும் தடுக்கும். ரெண்டு லேனுக்கு நடுவுல 9லருந்து 10 செ.மீ, வெளி ஓரத்துல இன்னும் 10 செ.மீக்கு மேல விடுங்க, காரோட வால் சறுக்க இடம் வேணும்.

அடுத்து கரண்ட். பள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் செம்பு டேப் ஒட்டலாம், இல்ல பிரெய்டுன்னு பின்னின செம்புப் பட்டி வைக்கலாம். முதல் டிராக்னா டேப்தான் என் ஓட்டு. பிரெய்டு ரொம்ப நாள் உழைக்கும், கரண்டும் நல்லா ஓடும், ஆனா அது உட்கார பள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் இன்னொரு ஆழமில்லாத தடம் வெட்டணும், விலையும் அதிகம். டேப்புல 6 மி.மீ அகலம் வாங்குங்க. ஓரத்தை பள்ளத்தோட ஒட்டி வச்சு, இழுக்காம ஒரு அடி ஒரு அடியா விரலால அழுத்திக்கிட்டே போகணும், வளைவுல உள்பக்க ஓரத்துல சின்னச் சின்ன சுருக்கம் வரும், அதை அப்பவே ஸ்பூன் முதுகால தேய்ச்சு படிய வச்சிடுங்க, விட்டா காருக்கு அடியில கரண்ட் எடுக்கற பிரஷ் அதுல மாட்டி டேப்பையே கிளப்பிடும். ரெண்டு டேப் சேர்ற இடத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி ஒட்டினா மட்டும் போதாது, அடியில இருக்கற பசையை நம்பாதீங்க, சால்டர் (உருக்கி ஒட்டற ஈயப் பத்து) வைங்க. பலகைக்கு அடியில தடியான வயர் ஓட்டி ஏறக்குறைய 3 மீட்டருக்கு ஒரு இடத்துல மேல டேப்போட இணைச்சா டிராக் பூரா ஒரே வேகம் கிடைக்கும்.

பவர் சப்ளைல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. வோல்ட் கூட்டிக் குறைக்கற ரெகுலேட்டட் சப்ளை, 12 வோல்ட்ல 3லருந்து 5 ஆம்ப் தர்ற மாதிரி, பேர் தெரிஞ்ச கடையில வாங்குங்க. இது மெயின்ஸ்ல மாட்டற பொருள், பையன் தொடற பொருள், எவனோ தெரியாத ஆன்லைன் கடையில பாதி விலைக்குக் கிடைக்குதுன்னு வாங்க வேணாம். அந்தச் சப்ளை இருந்தா பையன் ஓட்டும்போது 9 வோல்ட்டுக்கு இறக்கி வைக்கலாம், அது ரொம்ப உபயோகம். கண்ட்ரோலர் செட்டோட வந்ததே இப்போதைக்கு ஓடும், வயரை மாத்தி இணைச்சுக்கணும் அவ்வளவுதான், பிரேக் வயரோட நல்ல கண்ட்ரோலர் அப்புறமா வாங்கிக்கலாம். ஓடும்போதே கார் லேன் மாத்தற டிஜிட்டல் முறைக்குப் போகாதீங்க, மரத்துல லேன் மாத்தற இடம் செய்யறது முதல் தடவைக்கு தாங்காத வேலை.

புது கார் வாங்க வேண்டிய அவசியமே இல்ல. உங்க கார்ல அடியில ஒரு காந்தம் இருக்கும், பிளாஸ்டிக் டிராக்கோட தண்டவாளத்தை அது இழுத்துப் பிடிக்கும், செம்பு காந்தத்துல ஒட்டாது, அதனால அதைக் கழட்டிடுங்க. முதல் நாள் எல்லா வளைவுலயும் பறக்கும், பயப்படாதீங்க. எடைக்கு கொஞ்சம் ஈயத்துண்டு வச்சு, டயரை உப்புத்தாள்ல லேசா உருட்டி ஒழுங்கு பண்ணினா கார் அழகா வால் சறுக்கி திரும்பும் பாருங்க, பழைய ரேஸ் கார் ஓடற மாதிரியே இருக்கும், மரத்துக்கு போறதே அதுக்காகத்தான்.

கேள்வி: அதே வாசகர்: சீனரி கையாலன்னு சொல்றீங்க, ஆனா மாடல் ரயில் கடையில எல்லாம் ரெடியா இருக்கே, அதுல கொஞ்சம் வாங்கக்கூடாதா?

பதில்: வாங்கலாம், ஆனா பாக்கெட்டுல ஸ்கேல் பார்த்து வாங்குங்க. பிரிட்டன்ல ரயில் கடையில அதிகமா இருக்கறது ஓஓ அளவு, அது 1:76. 1:32ல ஒரு ஆள் அஞ்சரை செ.மீ உயரம் இருப்பார், ஓஓவுல 2.3 செ.மீதான், உங்க கார் பக்கத்துல வச்சா குழந்தைங்க ரேஸ் பார்க்க வந்த மாதிரி ஆயிடும். அதுக்கு பதிலா பிரிட்டன்ஸ்ங்கற கம்பெனியோட பண்ணை பொம்மைங்க பாருங்க, டிராக்டர், வேலி, கேட்டு எல்லாம் 1:32, பழைய சாமான் விக்கற சாரிட்டி கடையிலயும் கார் பூட் சேல்லயும் தேடினா கிடைக்கும். 1:35 ராணுவ மாடல் ஆளுங்களையும் தூரத்துல நிக்க வைக்கலாம், வித்தியாசம் தெரியாது.

மத்ததெல்லாம் வீட்டுலயே இருக்கு. டீ போட்ட தூளை வெயில்ல நல்லா காய வச்சு (ஈரம் இருந்தா பூஞ்சை பிடிக்கும்) சல்லடையில சலிச்சு, பசை தடவின இடத்துல தூவினா ரோட்டோர மண்ணு அப்படியே வரும். பாத்திரம் தேய்க்கற பச்சை ஸ்கிரப்பரை பிச்சுப் போட்டா புதர்வேலி. வைக்கோல் கட்டுக்கு 3 செ.மீ நீளத்துல மரத்துண்டு வெட்டி, பசை தடவி, சணல் கயிறை பொடிசா நறுக்கி அதுல புரட்டி எடுத்து, காஞ்சதும் ரெண்டு இடத்துல நூல் சுத்துங்க, பையன் உட்கார்ந்தா ஒரு சாயங்காலத்துல ஒரு தட்டு நிறைய செஞ்சிடுவான். சிக்கேன் சுவருக்கு பார்சல்ல வர்ற பாலிஸ்டிரீனை செங்கல் செங்கலா வெட்டுங்க, நிஜ குட்வுட் ரிவைவல்லயே அந்தச் சுவர் பாலிஸ்டிரீன் கட்டிங்கதான், கார் இடிச்சா சிதறும், உங்க வீட்டுலயும் அதே மாதிரி சிதறட்டும், ஒட்டாம அடுக்கி மட்டும் வைங்க. ஸ்பிரே பெயிண்ட் மட்டும் அது மேல அடிச்சிடாதீங்க, உருகிடும், தண்ணி கலக்கற பெயிண்ட்தான். ரோட்டுக்கும் அதே மாதிரி சுவருக்கு அடிக்கற மேட் எமல்ஷன், சாம்பல் நிறம், ஃபோம் ரோலர்ல அடிங்க, டேப் ஒட்டறதுக்கு முன்னாடியே.

கேள்வி: லெஸ்டர்ல இருந்து எழுதறேன் அண்ணா. வீட்டுக்காரரோட 50வது பிறந்தநாளுக்கு ஆன்லைன்ல ஒருத்தர் கிட்ட மெஷின்ல வெட்டின மர டிராக் ஆர்டர் பண்ணினேன், அட்வான்ஸ் கிரெடிட் கார்டுல, மீதி பேங்க் டிரான்ஸ்ஃபர். வந்து ரெண்டு வாரம் ஆச்சு, பலகை சேர்ற இடத்துல பள்ளம் நேரா வரல, கார் குதிச்சு வெளிய வருது. கேட்டா ஆர்டருக்கு செஞ்ச பொருள், ரிட்டர்ன் கிடையாதுங்கறாங்க.

பதில்: சிஸ்டர், அவங்க ரெண்டு வேற வேற உரிமையை ஒண்ணா போட்டு குழப்பறாங்க. ஆன்லைன்ல வாங்கினா 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம வேணாம்னு சொல்ற உரிமை 2013 நுகர்வோர் ஒப்பந்த விதிமுறைகள்ல இருக்கு, உங்க அளவுக்குன்னு தனியா செஞ்ச பொருளுக்கு அது கிடையாது, அது வரைக்கும் அவங்க சொல்றது சரி. ஆனா பழுதான பொருளுக்கு 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கு, தனியா செஞ்சதுக்கும் அது அப்படியே பொருந்தும். கார் ஓட்ட வாங்கின டிராக்ல கார் ஓடலன்னா அது பழுதுதான். கையில கிடைச்ச 30 நாளுக்குள்ள பொருளை நிராகரிச்சு முழுப் பணமும் கேட்கலாம், உங்களுக்கு இன்னும் நாள் இருக்கு, தள்ளிப் போடாதீங்க. 30 நாள் தாண்டிட்டா முதல்ல ஒரு தடவை சரி பண்ணவோ மாத்திக் கொடுக்கவோ அவங்களுக்கு வாய்ப்பு கொடுக்கணும், அப்பவும் சரியாகலன்னாதான் பணம்.

இன்னிக்கே ஈமெயில்ல எழுதுங்க, போன்ல மட்டும் பேசாதீங்க. பலகை சேர்ற இடத்துல ஒரு ஸ்கேலை வச்சு எவ்வளவு மி.மீ விலகியிருக்குன்னு தெரியற மாதிரி போட்டோ, கார் குதிக்கற வீடியோ, ரெண்டும் அனுப்புங்க. அது மேல பெயிண்ட் அடிக்காதீங்க, நீங்களே உப்புத்தாள் போட்டு சரி பண்ணப் பார்க்காதீங்க, கராஜ்ல ஈரத்துல வைக்காதீங்க, அப்புறம் உங்களாலதான் கெட்டுச்சும்பாங்க.

அவங்க அசையலன்னா கிரெடிட் கார்டு கம்பெனிக்கு செக்ஷன் 75ன்னு சொல்லி கிளெய்ம் போடுங்க. பொருளோட விலை 100 பவுண்டுக்கு மேல 30,000க்குள்ள இருந்தா போதும், அட்வான்ஸ் மட்டும் கார்டுல கட்டியிருந்தாலும் மொத்த விலைக்கும் கார்டு கம்பெனி பொறுப்பு. டெபிட் கார்டுல கட்டியிருந்தா இது கிடையாது, இனிமே இந்த மாதிரி ஆர்டருக்கு சின்ன அட்வான்ஸாவது கிரெடிட் கார்டுலயே கட்டுங்க. எழுதறதுல தடுமாற்றம் இருந்தா சிட்டிசன்ஸ் அட்வைஸ்ங்கற ஆலோசனை அமைப்போட நுகர்வோர் ஹெல்ப்லைன்ல கேளுங்க, காசு வாங்க மாட்டாங்க.

கேள்வி: ஏலத் தளத்துல 1960கள் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் கார்கள் போட்டிருக்காங்க, வாங்கலாமா?

பதில்: விக்கறது கடையா தனி ஆளான்னு முதல்ல பாருங்க. தனி ஆள்னா அவர் எழுதியிருக்கற விவரத்துக்கு மாறா இருந்தாதான் நீங்க கேள்வி கேட்க முடியும், தரம் பத்தி கேட்க முடியாது. டெஸ்ட் பண்ணலன்னு போட்டிருந்தா ஓடாதுன்னே வச்சு விலை கேளுங்க. ஓடற வீடியோ, அடிப்பக்கம் போட்டோ ரெண்டும் மெசேஜ்ல கேட்டு வாங்குங்க, ஓடும்னு அவர் எழுத்துல சொல்லட்டும், அந்த மெசேஜை அழிக்காதீங்க.