பெயர் கேட்கும் அறை

அன்புள்ள அக்காவுக்கு,

களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘1984’ நாவலைப் போன மாதம்தான் வாசித்து முடித்தேன். சுவரில் இருக்கும் திரை கதாநாயகன் வின்ஸ்டனை இரவும் பகலும் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தால், எங்கள் வீட்டு ஹோலில் பிக் பாஸ் ஓடுகிறது. அம்மாவும் தங்கச்சியும் கண்வெட்டாமல் பார்க்கிறார்கள். ஓர்வெல் எதைக் கண்டு பயந்தாரோ அதை நாங்கள் இராச்சாப்பாட்டோடு ரசிக்கிறோம். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இரண்டு கிழமையாக ரிமோட்டை ஒளித்து வைத்திருக்கிறேன். கமராவுக்குப் பழகிய சமூகம் எல்லாவற்றுக்கும் பழகிவிடும் இல்லையா? தெருவுக்குத் தெரு சீசீடிவி, கையில் போன், இதெல்லாம் எங்கே போய் முடியும்? இந்த மாதிரி வேறு எந்த நாவல்களை வாசிக்கலாம்?

அன்புடன்,
ஒரு வாசகன்

—

அன்புள்ள தம்பி,

முதலில் எழும்பிப் போய் ரிமோட்டை அம்மாவிடம் கொடுங்கள். மிச்சத்தை அப்புறம் வாசிக்கலாம். பகல் முழுக்க அடுப்படியில் நின்ற மனுசி இரவில் ஒரு மணித்தியாலம் இருந்து எதைப் பார்க்கவேண்டும் என்று நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். கட்டுப்பாட்டைப் பற்றிய ஒரு நாவலை வாசித்துவிட்டு, வீட்டில் செய்த முதல் வேலை அம்மாவைக் கட்டுப்படுத்தியது. உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் இது ஒன்றுதான். இந்த வயதில் அவ்வளவு கனமான புத்தகத்தை முழுவதும் வாசித்து, அதை உங்கள் வீட்டுக் ஹோலோடு பொருத்திப் பார்த்திருக்கிறீர்களே, அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

சீசீடிவி, போன் பற்றி இன்றைக்கு வேண்டாம். கள்ளனுக்குப் பயந்து கடைக்காரர் பூட்டிய கமராவையும் ‘1984’இன் திரையையும் ஒரே தட்டில் வைத்தால் இரண்டுமே விளங்காது.

நாவல் கேட்டீர்கள். ரஷ்ய எழுத்தாளர் யெவ்கேனி ஸம்யாதின் எழுதிய ‘நாம்’ நாவலை வாசியுங்கள். 1920, 21இல் எழுதியது. ஆங்கிலத்தில் 1924இலேயே வந்துவிட்டது, அவருடைய சொந்த நாட்டில் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் எல்லா வீடுகளும் கண்ணாடி. பக்கத்து வீட்டுக்காரர் பல் விளக்குவதும் தெரியும். திரைச்சீலையை இழுத்துவிடுவதற்குத் துண்டுச்சீட்டு வேண்டும். ஓர்வெல் தன் நாவலை எழுதுவதற்கு முன்பு இதை வாசித்தவர்.

சரி, உங்கள் கடிதத்துக்கு ஏன் உடனே பதில் எழுதுகிறேன் என்றால், இரண்டு கிழமைக்கு முன்பு நானும் கல்லடியில் அக்கா வீட்டில் அந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1999இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஓர்வெல்லின் நாவலில் எல்லோரையும் கண்காணிக்கும் தலைவன் ‘பெரியண்ணன்’ பெயரையே வைத்துத் தொடங்கிய விளையாட்டு, 2017இல் தமிழுக்கு வந்தது. 2019இல் இலங்கைப் பிள்ளைகள் இரண்டு பேர் உள்ளே போனபோது எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு ஒருவரும் வெளியில் வரவில்லை. கமராக்களைப் பற்றித்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அன்றைக்கு எனக்கு நெஞ்சு அடைத்தது வேறோர் இடத்தில். ஒரு பிள்ளை தனியறைக்குள் போய் நாற்காலியில் இருக்கிறது. முகம் தெரியாத குரல் ஒன்று, யாரை வெளியேற்ற வேண்டும் என்று பெயர் கேட்கிறது. பிள்ளை இரண்டு பெயர் சொல்கிறது. குரல் காரணம் கேட்கிறது. ‘அவர் எல்லோரோடும் சேருவதில்லை.’ கதவு திறக்கிறது. பிள்ளை வெளியே வந்து, பெயர் சொல்லப்பட்ட ஆளுக்குப் பக்கத்திலேயே இருந்து சாப்பிடுகிறது.

தம்பி, ‘1984’ஐ மறுபடி எடுத்துக் கடைசிப் பகுதியைப் பாருங்கள். வின்ஸ்டனை அடிக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள், இரண்டும் இரண்டும் ஐந்து என்று ஒப்புக்கொள்ள வைக்கிறார்கள். அப்போதும் அவனிடம் ஒன்று மிச்சம் இருக்கிறது: காதலி ஜூலியாவை அவன் மனதால் கைவிடவில்லை. நூற்றியோராம் அறையில் எலிக்கூட்டை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்ததும், எனக்குச் செய்யாதே, ஜூலியாவுக்குச் செய் என்று கத்துகிறான். அந்த அறை அவ்வளவுக்குத்தான் இருக்கிறது, அவன் வாயால் ஒரு பெயர் வருவதற்கு. அவன் பக்கத்து வீட்டுக்காரர் பார்சன்ஸை நினைத்துப் பாருங்கள். ஏழு வயது மகள் சாவித்துவாரத்தில் காது வைத்துக் கேட்டு, தகப்பன் நித்திரையில் உளறியதைக் காட்டிக்கொடுக்கிறாள். அந்த மனுசன் சிறைக்குள் இருந்துகொண்டு பிள்ளையை நினைத்துப் பெருமைப்படுகிறார். ‘நாம்’ நாவலும் அங்கேதான் போய் நிற்கிறது. சத்திரசிகிச்சை செய்து கற்பனையை வெட்டி எடுத்த பிறகு கதாநாயகன் தானாகவே போய், தெரிந்த எல்லாரையும் பற்றிச் சொல்லிவிடுகிறான். அவன் காதலித்த பெண்ணைக் கண்ணாடி மணிக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சுகிறார்கள். அவள் ஒரு சொல் சொல்லவில்லை.

கமரா என்ன செய்யும்? ஆள் எங்கே நின்றான் என்று காட்டும். யாரைக் கொண்டுபோக வேண்டும் என்பதற்கு மனிதர் வாய் வேண்டும். வாய் கூட வேண்டாம், தலை ஆடினால் போதும்.

இதை எனக்கு ஓர்வெல் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1990இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருடம் செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையில், பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரை இராணுவத்தினர் பிரித்தெடுத்துக் கொண்டுபோனார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. எங்கள் ஊரில் சுற்றிவளைப்பு அதற்கு முந்தியது. விடியப்புறம் ஒலிபெருக்கியில், எல்லோரும் அடையாள அட்டையோடு பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். ஆம்பிளைகளை வரிசையில் விட்டார்கள். நாங்கள் பெண்டுகளும் பிள்ளைகளும் ஒரு பக்கமாக மணலில் இருந்தோம். ஜீப்பில் இருந்து தலையாட்டியை இறக்கினார்கள். உங்கள் வயதுக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன்: ஆட்களைக் காட்டிக்கொடுக்கிறவர், தலையில் இருந்து இடுப்பு வரைக்கும் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக முன்னால் வந்து நிற்கவேண்டும். தலை ஆடினால் ஒரு பக்கம், ஆடாவிட்டால் வீடு.

தரையில் இருந்தபடியால் எனக்குக் கால்தான் தெரிந்தது. பாட்டா செருப்பு. இடது செருப்பின் வார் அறுந்து, நீல நிற நைலோன் வலைநூலால் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சை நான் முந்தாநாள் எங்கள் வாசற்படியில் பார்த்திருந்தேன். கிணற்றில் தண்ணி குடிக்க வந்த மனிதர் கழற்றி வைத்தது.

அப்பா முன்னால் போய் நின்றார். சாக்கு அசையவில்லை. அப்பாவுக்குப் பின்னால் மூன்றாவதாக நின்றவருக்கு ஆடியது. அவர் போட்டிருந்த சேர்ட் எனக்கு இன்றைக்கும் ஞாபகம்.

என்ன காரணம் என்று ஊரில் பலவிதமாகக் கதைத்தார்கள். வேலித் தகராறு என்றார்கள், யாரோ மொட்டைப் பெட்டிசம் போட்டது என்றார்கள். காரணங்கள் எப்போதும் அப்படிச் சின்னதாகத்தான் இருக்கும். ‘அவர் எல்லோரோடும் சேருவதில்லை’ என்று அந்தப் பிள்ளை சொன்னபோது எனக்கு இதுதான் வந்தது. உங்கள் தங்கச்சி, அது விளையாட்டுத்தானே என்பாள். சம்மதித்துப் போகிறார்கள், சம்பளம் வாங்குகிறார்கள், வெளியேற்றப்பட்டவர் அடுத்த கிழமை பேட்டி கொடுக்கிறார். சரிதான். எங்கள் மைதானத்தையும் அந்த வீட்டையும் ஒன்றென்று சொன்னால் போனவர்களுக்குத் துரோகம் செய்தவளாவேன். ஆனாலும் ஒரு பெயரைச் சொல்வது அவ்வளவு இலேசாக இருக்கக்கூடாது, தம்பி. நாற்காலியில் இருந்து, காலை ஆட்டிக்கொண்டு, தண்ணி குடித்துவிட்டுச் சொல்கிற விஷயமாக அது இருக்கக்கூடாது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

செருப்பைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து அந்த மனிதரைச் சந்தையில் கண்டேன். புதுச் செருப்பு போட்டிருந்தார். பிறகு அவரும் ஒருநாள் காணாமல் போனார்.

2004 சுனாமிக்குப் பிறகு நாங்கள் எல்லோரும் அதே பள்ளிக்கூடத்தில்தான் இருந்தோம். இரவு வகுப்பறையில் வரிசையாகப் பாய் போட்டுப் படுப்போம். எனக்குப் பக்கத்துப் பாயில், அன்றைக்குக் கொண்டுபோனவருடைய மனைவி. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு மெதுவாகக் கேட்டார்: “நீ அண்டைக்கு முன்னுக்குத்தானே இருந்த நீ, மனே. அது ஆரெண்டு உனக்குத் தெரியுமா?”

பதினாலு வருடம் அவர் அதை என்னிடம் கேட்காமல் இருந்திருக்கிறார். அந்தச் செருப்புக்கு உரிய மனிதரும் அப்போது இல்லை, சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அவருடைய மனைவி இரண்டு பிள்ளைகளோடு மூன்று பாய் தள்ளிப் படுத்திருந்தா.

“தெரியாது மாமி” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் போர்வையை இழுத்து என் காலையும் சேர்த்து மூடிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.